நேப்பிள்ஸில் ஒரு பகல்: கப்பலில் வந்து இறங்குவோர் செய்யும் தவறுகள்

காலை எட்டு மணிக்கு இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தின் பயணியர் முனைய வாசலில் நின்றால் அதே காட்சியை எந்தக் கோடையிலும் பார்க்கலாம். கப்பலிலிருந்து இறங்கிய நான்கைந்து பேர் ஒரு கைபேசியைச் சுற்றி நின்று, "முதல்ல பொம்பெய், அப்புறம் அமால்ஃபி, திரும்பி வரும்போது பீட்சா" என்று திட்டம் போட்டுக்கொண்டிருப்பார்கள். மாலை ஐந்தரைக்கு அதே வாசலில் நின்றால், வியர்வை வழிய ஓடி வருகிறவர்களையும் பார்க்கலாம். இரண்டும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான்.

தொப்பி, தண்ணீர் பாட்டில், வசதியான காலணி ஆகியவற்றை யாரும் எழுதிப் புரியவைக்க வேண்டியதில்லை. கீழே இருப்பவை இந்த ஊருக்கென்றே உள்ள தவறுகள். இவற்றில் முதலாவதுதான் மிகவும் செலவு வைப்பது. அதனால் அதற்கே அதிக இடம்.

கப்பல் நிற்கும் நேரம் முழுவதும் நமக்குத்தான் என்று நினைப்பது

அட்டவணையில் "07.00 – 18.30" என்று இருக்கும். பதினொன்றரை மணி நேரம் கையில் இருப்பதாக மனம் கணக்குப் போட்டுவிடும். உண்மையில் இருப்பது எட்டே முக்கால் மணி நேரம்.

கப்பல் ஏழு மணிக்குக் கட்டப்பட்டாலும் துறைமுக அனுமதி கிடைத்துப் படி இறக்க அரை மணியாவது ஆகும். முதலில் கப்பலின் சொந்தச் சுற்றுலாக் குழுக்கள் இறங்கும். தனியாகப் போகிறவர் முனையத்தை விட்டு வெளியே வரும்போது எட்டேகால். மாலையில் 18.30 என்பது கயிறு அவிழ்க்கும் நேரம். எல்லாரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் வழக்கமாக அதற்கு அரை மணி முன்னால், சில கப்பல்களில் ஒரு மணி முன்னால். 18.00 என்றே வைத்துக்கொள்வோம். பாதுகாப்புச் சோதனை வரிசைக்காகவும் தாமதங்களுக்காகவும் ஒரு மணி நேரத்தைக் கழித்தால், 17.00 மணிக்கு நீங்கள் துறைமுகத்துக்கு எதிரே உள்ள முனிசிப்பியோ சதுக்கத்தில் நிற்க வேண்டும். ஆக, எட்டேகாலிலிருந்து ஐந்து வரை.

இந்த எட்டே முக்கால் மணி நேரத்தில் பொம்பெய்க்கு என்ன ஆகும் என்று பாருங்கள். முனிசிப்பியோவிலிருந்து மெட்ரோ முதல் தடத்தில் கரிபால்டி போக, காத்திருப்பையும் நடையையும் சேர்த்து இருபது நிமிடம். அங்கே கீழ்த்தளத்தில் சிர்க்கும்வெசூவியானா என்ற உள்ளூர் ரயில். ஏறக்குறைய அரை மணிக்கு ஒன்று, பயணம் 35 முதல் 40 நிமிடம். எல்லாம் ஒழுங்காக நடந்தால் 09.45க்குப் பொம்பெய் வாசல். உள்ளே மூன்று மணி நேரம் குறைந்தபட்சம், ஏனென்றால் அந்த ஊர் மொத்தம் 66 ஹெக்டேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு தோண்டப்பட்டிருக்கிறது. 13.00 மணிக்கு வெளியே வந்து திரும்பினால் 14.30க்கு முனிசிப்பியோ. கையில் இன்னும் இரண்டரை மணி நேரம் மிச்சம். பீட்சா, பழைய நகரத்தின் ஸ்பாக்கநாப்போலி தெரு, ஒரு தேவாலயம் எல்லாம் நிதானமாகப் பார்க்கலாம். நல்ல நாள் இது.

இதே நாளில் அமால்ஃபி கடற்கரையைச் செருகிப் பாருங்கள். 13.00க்குப் பொம்பெயிலிருந்து சொரெந்தோவுக்கு ரயில், காத்திருப்போடு 13.50. அங்கிருந்து அந்தக் கடற்கரை ஊரான பொசித்தானோவுக்குப் பேருந்து. கோடையில் முதல் பேருந்தில் இடம் கிடைக்காது. கிடைத்தாலும் அது போகும் எஸ்எஸ் 163 சாலை மலைச்சரிவைக் குடைந்து போட்ட இரண்டே தடச் சாலை. எதிரே ஒரு பெரிய பேருந்து வளைவில் வந்துவிட்டால் ஒரு பக்கம் பின்னால் நகர்ந்து வழிவிட வேண்டும். 15.15க்கு பொசித்தானோ. பத்து நிமிடம் படம் எடுத்துவிட்டு உடனே திரும்பினாலும் சொரெந்தோ 16.30, நேப்பிள்ஸ் 17.50, துறைமுகம் 18.15. கப்பல் படி மேலே போயிருக்கும்.

இந்தத் தவறு எரிச்சலூட்டுவதற்குக் காரணம் கப்பலைத் தவறவிடும் ஆபத்து மட்டுமல்ல. அப்படி ஓடுகிறவர்கள் எதையும் பார்ப்பதில்லை. பொம்பெயில் மன்றத் திடலோடு திரும்பிவிடுகிறார்கள். இரண்டு நாடக அரங்குகள், தெருவோரச் சாப்பாட்டுக் கடைகளின் கல்மேடையில் பதித்த பானைகள், வண்டிச் சக்கரம் அரைத்துத் தேய்ந்த தடங்கள் எதற்கும் நேரமில்லை. கடற்கரையிலோ கடலைவிடக் கைக்கடிகாரத்தையே அதிகம் பார்க்கிறார்கள். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து ஒரே நாளில் நின்றுபோன ஊரை இருபது நிமிடத்தில் கடந்து போவதற்கு அத்தனை தூரம் வர வேண்டாம்.

திட்டம் போடும் முறையைத் தலைகீழாக மாற்றுங்கள். ஏறியாக வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அதற்கு ஒரு மணி முன்னால் முனிசிப்பியோ. அதற்கு ஒரு மணி முன்னால் கடைசியாக ஏறக்கூடிய ரயில். அந்த ரயிலையும் விட்டுவிட்டு, அதற்கு முந்தைய ரயிலையே உங்கள் ரயிலாக வைத்துக்கொள்ளுங்கள். சிர்க்கும்வெசூவியானாவில் ஒரு வண்டி ரத்தாவது அபூர்வமல்ல. அரை மணிக்கு ஒரு வண்டி ஓடும் தடத்தில் ஒரு வண்டி ரத்தானால் ஒரு மணி நேரம் வரை போகும். வெளியூர் ஒன்று, மிச்சம் நேப்பிள்ஸ் நகரம். இதற்கு மேல் வேண்டாம். அமால்ஃபிதான் வேண்டும் என்றால் கப்பலின் சொந்தச் சுற்றுலாவில் போங்கள். அந்தப் பேருந்து தாமதித்தால் கப்பல் காத்திருக்கும், தனியே போனவருக்காகக் காத்திருக்காது.

"பொம்பெய்" என்று எழுதியிருக்கும் எந்த நிலையத்திலும் இறங்குவது

மூன்று நிலையங்கள் இருக்கின்றன. சொரெந்தோ போகும் ரயிலில் வருவது "பொம்பெய் ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி". போர்த்தா மரினா என்ற முக்கிய வாசல் அங்கிருந்து இரண்டு நிமிட நடை. பொஜ்ஜொமரீனோ போகும் ரயிலில் வருவது "பொம்பெய் சாந்துவாரியோ", புதிய ஊரின் நடுவே. அரசு ரயில்வேயின் நிலையம் மூன்றாவது. கரிபால்டியில் எல்லாத் திசை ரயில்களும் அடுத்தடுத்து வருவதால், ரயிலின் முகப்பில் "சொரெந்தோ" என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

தவறி மற்ற நிலையங்களில் இறங்கிவிட்டால் பதற வேண்டாம். வட்ட அரங்கப் பக்கமுள்ள பியாட்சா அன்ஃபிதியாத்ரோ வாசலுக்கு நடந்தே போகலாம். அப்படிப் போனால் சுற்றும் திசையையும் மாற்றுங்கள்: வட்ட அரங்கில் தொடங்கி அபொந்தான்சா தெரு வழியே மன்றத்தில் முடித்து போர்த்தா மரினா வழியாக வெளியே வாருங்கள். வந்த வாசலுக்கே திரும்பி நடந்தால் உள்ளேயே வீணாக ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும், நிழலே இல்லாத ஒரு கிலோமீட்டர்.

இடம் வேண்டுமென்றால் கரிபால்டிக்கு முந்தைய நிலையமான போர்த்தா நொலானாவில் ஏறுங்கள். ரயில் அங்கிருந்துதான் புறப்படுகிறது. கரிபால்டியில் ஏறுகிறவர்கள் நின்றுகொண்டே போகிறார்கள்; அந்த நெரிசலில்தான் பிக்பாக்கெட்டும் நடக்கிறது. முதுகுப்பை மார்புப் பக்கம் இருக்கட்டும்.

டிக்கெட்டை வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்பது

2024 நவம்பர் முதல் பொம்பெய்க்கு ஒரு நாளைக்கு 20,000 பேர் என்ற வரம்பு இருக்கிறது. டிக்கெட்டில் பெயர் அச்சாகும், வாசலில் அடையாளச் சான்று கேட்பார்கள். கப்பலில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருந்தால் படமும் பெயரும் உள்ள வேறு அட்டை ஒன்றையும் பாஸ்போர்ட் நகலையும் எடுத்துச் செல்லுங்கள். 30 × 30 × 15 செ.மீ.க்கு மேற்பட்ட பை உள்ளே போகாது. வெசூவியஸ் எரிமலை வாய்க்கும் டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்க வேண்டும். மலையடிவாரம் வரை போய் டிக்கெட் இல்லாமல் திரும்புகிறவர்கள் ஒவ்வொரு நாளும் இருக்கிறார்கள்.

எர்க்கொலானோவை மறந்துவிடுவது

முழங்கால் வலி உள்ளவர், குழந்தையோடு வருபவர், வெயில் தாங்காதவர் ஆகியோருக்கு பொம்பெயைவிட, அதே வெடிப்பில் புதைந்த இந்த இன்னொரு ஊர்தான் (பழைய பெயர் ஹெர்குலேனியம்) நல்லது. இதே ரயிலில் இருபது நிமிடம், "எர்க்கொலானோ ஸ்காவி" நிலையத்திலிருந்து கடலை நோக்கி நேரே கீழிறங்கும் தெருவில் பத்து நிமிட நடை. பொம்பெய்மீது விழுந்தது பெரும்பாலும் நுரைக்கல்லும் சாம்பலும், அதன் எடையில் கூரைகள் இடிந்தன. எர்க்கொலானோவைக் கொதிக்கும் சாம்பல் பெருக்கு இருபது மீட்டர் வரை மூடி இறுகிப்போனது. அதனால் இங்கே மாடி வீடுகள் மாடியோடு நிற்கின்றன. கரியாகிப்போன மரக்கதவும் கட்டிலும்கூட மிஞ்சியிருக்கின்றன. பார்க்கும் பரப்பும் சிறியது. இரண்டு மணி நேரத்தில் நிறைவாகப் பார்த்துவிடலாம். பொம்பெய்க்கு மூன்று மணி நேரம் ஒதுக்க முடியாதவர்கள் தயங்காமல் இங்கே போகட்டும்.

செவ்வாய்க்கிழமை

தேசியத் தொல்லியல் அருங்காட்சியகமும் சான்செவெரோ தேவாலயமும் செவ்வாயன்று விடுமுறை. கப்பல் எந்தக் கிழமை வருகிறது என்பதை வீட்டிலிருந்தே பாருங்கள்.

செவ்வாய் அல்லாத நாளில் அருங்காட்சியகத்தைத் தவறவிடுவது பெரிய இழப்பு. பொம்பெயில் ஃபான் மாளிகையின் தரையில் நீங்கள் பார்க்கும் அலெக்சாந்தர் மொசைக் நகல்தான். அசல் உட்பட அங்கே கிடைத்த நல்லவை பலவும் நகரத்துக்குள் இந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முனிசிப்பியோவிலிருந்து மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம், பெயரே "மூசேயோ". இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் இங்கே தேடிப் பார்க்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு. 1938இல் பொம்பெயில் அபொந்தான்சா தெருவின் வீடொன்றில் கிடைத்த யானைத் தந்தப் பெண் சிலை, சுமார் 25 செ.மீ. உயரம், இந்திய வேலைப்பாடு. வெசூவியஸ் வெடிப்பதற்கு முன்பே இந்தியாவிலிருந்து இந்த விரிகுடாவரை வந்து சேர்ந்தது. நம் மேற்குக் கரையின் முசிறியில் மிளகு ஏற்றிய அதே வணிகக் காலம். அது "ரகசிய அறை" என்ற தனிக்கூடத்தில் இருக்கிறது. காம ஓவியங்கள் நிறைந்த கூடம் என்பதால் குழந்தைகளோடு போகிறவர்கள் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சான்செவெரோவில் இருப்பது 1753ஆம் ஆண்டுச் சலவைக்கல் சிலை: மெல்லிய துணி போர்த்திய கிறிஸ்து. முன்பதிவு அவசியம், படம் எடுக்க அனுமதியில்லை.

காப்ரியில் கடலை நம்புவது

காப்ரித் தீவுக்கு விரைவுப் படகு கப்பல் முனையத்துக்குப் பக்கத்திலேயே, பெவெரெல்லோ படகுத்துறையில். ஐம்பது நிமிடம். காற்று எழும்பினால் படகை ரத்து செய்துவிடுவார்கள், நீங்கள் தீவில் இருப்பீர்கள். அலை இருக்கும் நாளில் நீலக் குகையும் மூடியிருக்கும். வானிலை சந்தேகமாக இருந்தால் போகாதீர்கள்.

டாக்ஸியில் ஏறிய பிறகு விலை பேசுவது

வெள்ளை நிற உரிமம் பெற்ற வண்டிகளில் குறிப்பிட்ட தடங்களுக்கு நிர்ணயக் கட்டணம் உண்டு. வண்டி நகருவதற்கு முன்பு "தரிஃபா பிரெதெதெர்மினாத்தா" என்று கேட்டால்தான் அது கிடைக்கும். கேட்காவிட்டால் மீட்டர் ஓடும்.

இறைச்சி கண்ணில் படவில்லை என்றால் சைவம் என்று எண்ணுவது

பீட்சாவில் மார்கரீத்தாவும், பாலாடைக்கட்டி இல்லாத மரினாராவும் பிரச்சினையில்லை. கவனிக்க வேண்டியது பலகாரங்களை. சிப்பி போன்ற ஸ்ஃபோல்யாத்தெல்லா அடுக்குகளில் மரபாகப் பன்றிக் கொழுப்பு தடவுவார்கள். மிளகுத் தராலி வளையத்திலும் அதே. எண்ணெயில் பொரித்த பீட்சாவின் உள்ளே பன்றி இறைச்சித் துணுக்குகள் இருப்பது வழக்கம். "ஸ்துருத்தோ?" அல்லது "சுஞ்ஞா?" என்று கேட்டால் புரிந்துகொண்டு பதில் சொல்வார்கள், இரண்டும் அந்தக் கொழுப்பின் பெயர்கள்.

வேலைநிறுத்த நாள்

நிலையத்தில் "ஷோப்பெரோ" என்று அறிவிப்பு இருந்தால் ரயிலை மறந்துவிட்டு நகரத்தை நடந்தே பாருங்கள். சாந்தா கியாரா மடத்தின் வண்ண ஓட்டு முற்றம் துறைமுகத்திலிருந்து இருபது நிமிட நடைதான்.

ஒருமுறை நுழையும் விசா

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டில் வருகிறவர்கள் பலர் இதைக் கப்பல் ஏறும் நாளில்தான் அறிகிறார்கள். கப்பல் நேப்பிள்ஸிலிருந்து துனிசியா அல்லது துருக்கி போய் மீண்டும் ஐரோப்பாவுக்குத் திரும்பினால் அது ஷெங்கனுக்குள் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளுக்குள்) இரண்டாவது நுழைவு. பலமுறை நுழையும் விசா வேண்டும். குரொவேஷியா 2023 முதல் ஷெங்கனுக்குள், ஆகவே அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அவசர எண் இல்லாமல் கரையேறுவது

அறைக்குள் தினமும் போடும் நிகழ்ச்சித் தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும். இறங்கும் முன் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாமதமாகும் என்று தெரிந்த நொடியில் அழைக்க வேண்டியது அவரைத்தான். கப்பல் போய்விட்டால் அறையில் விட்டுச் சென்ற பாஸ்போர்ட்டைச் சில கப்பல்களில் எடுத்து அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். அடுத்த துறைமுகத்துக்குப் போகும் செலவு உங்களுடையது. அது ரோமின் சிவித்தவெக்கியா என்றால் ரயிலிலேயே போய்விடலாம். பலேர்மோ என்றால் நேப்பிள்ஸிலிருந்து இரவுக் கப்பல் உண்டு, அந்த மாலையே டிக்கெட் வாங்குங்கள்.