டிரெயின் (drain) டியூபோட வீட்டுக்கு அனுப்பிட்டாங்களா?

மார்பு ஆபரேஷன் மாதிரி ஏதாவது முடிஞ்சு டிரெயினோட டிஸ்சார்ஜ் பண்ணா பயப்படாதீங்க, உள்ள தேங்குற நீரை வெளிய இழுக்கத்தான் அது. பல்பு டைப்னா, அதாவது டியூப் நுனியில கையால அமுக்குற மாதிரி உருண்டை இருந்தா, அது எப்பவும் அமுங்கியே இருக்கணும், உப்பிடுச்சுன்னா இழுக்குற சக்தி போச்சுன்னு அர்த்தம். பாதி ரொம்பினதுமே கைய சோப்பு போட்டுக் கழுவி, மூடியத் திறந்து அளவு கப்புல ஊத்திப் பாத்துட்டு, பல்ப நல்லா அமுக்கி, அமுக்கின கைய விடாமயே மூடுங்க. நிறைய பேர் கைய விட்டுட்டு மூடுறாங்க, அப்ப காத்துதான் உள்ள இருக்கும்.

எத்தனை எம்எல், என்ன கலர்னு தேதி போட்டு எழுதுங்க, தினகாலண்டர் பின்பக்கம் கூட போதும், ரெண்டு டிரெயின்னா தனித்தனியா. பொதுவா 24 மணி நேரத்துல 30 எம்எல்லுக்குக் கீழ இறங்கினாதான் எடுக்கறதப் பத்தியே பேசுவாங்க. சிவப்பு மெல்ல ரோஸாகி வெளிர் மஞ்சளாகணும், அதான் நல்ல சகுனம்.

நம்ம சென்னை வேர்வைக்கு பிளாஸ்டர் ஓரம் சீக்கிரம் கழண்டுக்கும், தினம் பாருங்க. பல்ப நீங்க போட்டிருக்கற நைட்டி துணியில, காயத்துக்குக் கீழ வர்ற மாதிரி ஊக்குல மாட்டுங்க, டியூப்ல குத்திடாதீங்க! அத்தை சொன்னாங்கன்னு மஞ்சள் எல்லாம் வைக்க வேணாம்.

காய்ச்சல், சீழ், நாத்தம், திடீர்னு ரத்தமா வர்றது, இல்ல வர்றது சட்டுனு நின்னு அந்த இடம் வீங்குறதுன்னா உடனே டாக்டருக்கு போன் பண்ணுங்க. டியூப் வெளிய வந்துட்டா திரும்ப உள்ள தள்ளாதீங்க, சுத்தமான காஸ் துணி (gauze) வச்சு மூடிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.