எலிப் புழுக்கையைப் பெருக்காதீர்கள்: நகரத்து எலிகளின் வைரஸ் பரவ வழிவிடும் தவறுகள்

பரணை ஒழிக்கும்போது, மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த கடையைத் திறக்கும்போது, மூலையில் எலிப் புழுக்கையைப் பார்த்ததும் கை தானாகத் துடைப்பத்தைத் தேடும். எலிகளிடமிருந்து வந்து காய்ச்சலும் சிறுநீரகப் பாதிப்பும் தரும் ஹான்டா வைரஸ் மனிதருக்குத் தொற்றும் முக்கிய வழி அங்கேதான் திறக்கிறது. எலி கடித்துத் தொற்றுவது அரிது. எலியின் சிறுநீர், புழுக்கை, எச்சில் மூன்றிலும் வைரஸ் வெளியேறும். அவை காய்ந்து, துடைப்பம் பட்டுத் தூளாகி, மூச்சோடு உள்ளே போகின்றன. ஓடுகிற எலியைக் கண்டு பயப்படுகிறோம். அது விட்டுப்போனதைத்தான் கவனமாகக் கையாள வேண்டும்.

"இது வயல்காட்டு நோய்" என்ற நினைப்பு

கொரியப் போரில் ஐ.நா. படையினர் 3,000 பேருக்கு மேல் இந்தக் காய்ச்சலில் விழுந்தார்கள். காரணமான வைரஸை 1976-இல் கொரிய விஞ்ஞானி லீ ஹோ-வாங் வயல் எலியின் நுரையீரலில் கண்டறிந்தார். அதற்குக் கொரியாவின் ஹான்டான் ஆற்றின் பெயர் வைக்கப்பட்டது. அதுவரை இது கிராமத்து நோய் என்றே கருதப்பட்டது. பிறகு சியோல் நகரவாசிகளுக்கும் நோய் வந்தது. அங்கே சாக்கடையிலும் கிடங்கிலும் வாழும் பழுப்பு எலிகளிடம் அதன் உடன்பிறப்பான சியோல் வைரஸ் இருந்தது. பழுப்பு எலி கப்பலேறி உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் போனது, வைரஸும் கூடவே போனது. 2017-இல் அமெரிக்காவில் வளர்ப்பு எலிகள் மூலம் 17 பேருக்குத் தொற்றியதும் இதே சியோல் வைரஸ்தான்.

நம் பக்கமும் இந்தக் குடும்பம் புதிதல்ல. 1964-இல் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆய்வுக்காக வேலூரில் பிடிபட்ட மூஞ்சூறு ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த வைரஸுக்கு அவ்வூரின் தோட்டப்பாளையத்தின் பெயரே நிலைத்தது. அது ஹான்டா வகை என்பது பின்னால்தான் தெரிந்தது. மனிதருக்கு அது நோய் தருவதாக நிறுவப்படவில்லை. ஆனால் தாய்லாந்தில் பெருச்சாளியிடம் கண்டறியப்பட்ட இன்னொரு ஹான்டா வைரஸ் மனிதரையும் தொற்றுகிறது. பெருச்சாளி நம் ஊர்ச் சாக்கடைகளிலும் உண்டு.

தொற்றிய எலி சோர்ந்து கிடக்கும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. அது நன்றாகத் தின்று, ஓடி, குட்டி போட்டு, நீண்ட காலம் வைரஸை வெளியேற்றிக்கொண்டே இருக்கும்.

சுத்தம் செய்வதில் நடக்கும் பிழைகள்

உலர்ந்த புழுக்கையைப் பெருக்கக் கூடாது; வேக்குவம் கிளீனரும் கூடாது. அது தூசியை இழுத்து மறுபக்கம் காற்றாக ஊதும். தண்ணீர்க் குழாயைத் திறந்து வேகமாக அடிப்பதும் நுண்துளிகளைக் கிளப்பும். மின்விசிறி, ஏசி இரண்டையும் வேலை முடியும்வரை அணைத்து வையுங்கள். கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, குறைந்தது 30 நிமிடம் வெளியே இருங்கள். பலரும் விடுவது இந்த அரை மணி நேரத்தைத்தான்.

பிறகு ரப்பர் கையுறை போடுங்கள். நிறைய புழுக்கை இருந்தால், அல்லது காற்றோட்டம் இல்லாத பரண், கிடங்கு என்றால், முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் என்95 முகக்கவசம் வேண்டும். கைக்குட்டையும் சாதாரண மூன்றடுக்கு முகக்கவசமும் ஓரங்களில் காற்றை விட்டுவிடும்.

கிருமிநாசினிக் கரைசலின் அளவு முக்கியம். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் என்றால் 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர். 33 சதவீத குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்கு 15 கிராம். கலக்கி, கசடு அடங்கியதும் தெளிந்த நீரை எடுத்துக்கொள்ளலாம். இரண்டிலும் கிடைப்பது 0.5 சதவீதக் கரைசல். அன்றன்று கலக்கியதுதான் வேலை செய்யும். திறந்தே கிடந்து ஈரம் ஏறிய பழைய பவுடரில் குளோரின் போயிருக்கும். "இன்னும் நன்றாகச் சுத்தமாகட்டும்" என்று கழிவறை ஆசிட்டையோ அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரையோ இதோடு சேர்த்துவிடாதீர்கள். ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அடைத்த அறையில் அது உயிருக்கே ஆபத்து.

கரைசலைப் புழுக்கையும் சிறுநீர்க் கறையும் முழுக்க நனையும்படி மெதுவாகத் தெளித்து, 5 நிமிடம் அப்படியே விடுங்கள். தெளித்த கையோடு துடைத்தால் வைரஸ் சாகாமலே துணிக்கு மாறும். ஊறியதும் பழைய செய்தித்தாளாலோ காகிதத் துண்டாலோ வழித்தெடுத்து, பையில் கட்டி, மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள். தரையை மறுபடி அதே கரைசலால் துடையுங்கள். கையுறையைக் கழற்றும் முன் அதன் மேலேயே கழுவிவிட்டு, கழற்றிய பின் கையைச் சோப்பால் கழுவ வேண்டும். நனைக்க முடியாத புத்தகம், பத்திரம் போன்றவற்றைச் சில மணி நேரம் நேரடி வெயிலில் வையுங்கள். துணிகளுக்கு வெந்நீரும் சோப்புத்தூளும் போதும்.

"எலி போய் ஒரு வாரமாச்சே" என்று அலட்சியமாக இருக்க முடியாது. ஐரோப்பாவில் பரவும் பூமாலா என்ற ஹான்டா வைரஸ், தொற்றிய எலிகளின் படுக்கைத் தூளில் அறை வெப்பத்திலேயே 12 முதல் 15 நாள் வரை தொற்றும் தன்மையோடு இருந்ததைச் சோதனையில் பார்த்திருக்கிறார்கள்.

பிடிப்பதிலும் கொல்வதிலும்

பசை அட்டையில் ஒட்டிய எலி மணிக்கணக்கில் துடிக்கும். பயத்தில் சிறுநீர் கழித்துக்கொண்டே இருக்கும். கூண்டுப் பொறியிலும் இதே சிக்கல். கூண்டைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது சொட்டுவது உங்கள் காலில்தான் விழும். சட்டென்று அடித்துக் கொல்லும் பொறியே மேல். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கித் தெருவில் எறியாமல், பொறியோடு கரைசலில் நனைத்து 5 நிமிடம் விட்டு, இரட்டைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

எலி பேஸ்ட்டை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். அதிலுள்ள மஞ்சள் பாஸ்பரஸ் கல்லீரலை அழிக்கும். அதைத் தின்ற குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். மற்ற விஷங்களிலும் ஒரு தொல்லை உண்டு. நம் கைக்கு எட்டாத சுவரிடுக்கில் போய் எலி சாகும்.

ஓட்டையை அடைக்காமல் கொன்றுகொண்டே இருப்பது பெரிய தவறு. சியோல் வைரஸ் எலிக்கு எலி பரவுவதில் சண்டைக் காயங்களுக்கு முக்கியப் பங்குண்டு. கூட்டத்தில் சிலவற்றை மட்டும் கொன்றால் காலியான இடத்துக்குப் புது எலிகள் நுழையும், எல்லைச் சண்டை கூடும். கனடாவின் வான்கூவரில் இப்படிப் பிடித்துக் கொன்ற பிறகு, மிஞ்சிய எலிகளிடம் எலிக்காய்ச்சல் பாக்டீரியா இருக்கும் வாய்ப்பு அதிகரித்தது. அது வைரஸ் அல்ல என்றாலும், கூட்டம் கலைந்தால் கிருமி பரவும் என்ற எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும், எலிக்கு ஏறக்குறைய 12. துணி, தெர்மாகோல், ஃபோம் எல்லாவற்றையும் கடித்துவிடும். இரும்பு நாரைத் திணித்து மேலே சிமென்ட் பூசுங்கள். ஜன்னலுக்கும் காற்றுத் துவாரத்துக்கும் 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலை அடியுங்கள். குளியலறைத் தண்ணீர் போகும் துளைக்கு உலோக ஜாலி, கதவடி இடுக்குக்குத் தகடு. அரிசி, பருப்பு மூட்டைகள் இருந்த இடத்தில் மூடியுள்ள டப்பாக்கள் வரவேண்டும். இரவில் குப்பை வெளியே கிடக்கக் கூடாது. இவ்வளவும் செய்து ஒரு வாரம் பொறியில் எதுவும் சிக்காவிட்டால், அதன்பிறகு முழு அறையையும் மேலே சொன்ன முறையில் சுத்தம் செய்யுங்கள்.

மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது

சியோல் வைரஸ் தொற்றினால் பெரும்பாலும் 1 முதல் 2 வாரத்தில் அறிகுறி தெரியும், அபூர்வமாக 8 வாரம் வரை போகலாம். கடும் தலைவலி, இடுப்பு வலி, வயிற்று வலியோடு காய்ச்சல், சிவந்த கண்கள், ரத்தத் தட்டணு குறைவு. டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் எல்லாமே இப்படித்தான் தொடங்கும். எனவே "போன மாதம் எலி நடமாடிய கிடங்கைச் சுத்தம் செய்தேன்" என்று நீங்களே சொன்னால்தான் மருத்துவருக்கு ஹான்டா ஞாபகம் வரும். சிறுநீரில் புரதமும் ரத்தத்தில் கிரியேட்டினினும் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் ஹான்டா ஐஜிஎம் என்ற ரத்தச் சோதனை கேட்பார். எலிக்காய்ச்சலுக்கான ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தச் சொல்லிக் கேட்காதீர்கள். அது ஹான்டாவைத் தொடாது என்றாலும், எலிக்காய்ச்சலாக இருந்தால் தாமதம் ஆபத்து.

கர்ப்பிணிகள் எலி எச்சத்தைச் சுத்தம் செய்யவே கூடாது. சுண்டெலி பரப்பும் எல்சிஎம் என்ற இன்னொரு வைரஸ் கருவின் மூளையையும் கண்ணையும் தாக்கும். உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்கும் இதே விலக்கு. ஹாங்காங்கில் 2018-இல், எலிகளின் ஹெபடைடிஸ் இ வைரஸ் மனிதருக்கு வந்த முதல் நோயாளியாக அறிவிக்கப்பட்டவர் கல்லீரல் மாற்று செய்துகொண்ட 56 வயதுக்காரர்.

உடம்பு வலிக்கென்று டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வாங்கிப் போட்டுக்கொள்வது ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். இன்னொன்று, காய்ச்சல் இறங்கியதும் நோய் தீர்ந்தது என்று வீட்டுக்குப் போவது. ஹான்டாவில் ரத்த அழுத்தம் விழுவதும் சிறுநீர் குறைவதும் பெரும்பாலும் காய்ச்சல் தணியும் நேரத்திலும் அதற்குப் பின்னும்தான். அந்த நாட்களில் சிறுநீரை அளவுக் குவளையில் பிடித்துக் குறித்து வையுங்கள். 24 மணி நேரத்தில் 400 மில்லிக்குக் கீழே போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். டயாலிசிஸ் வசதி உள்ள இடமாக இருக்கட்டும். "நிறையத் தண்ணீர் குடித்தால் சரியாகும்" என்று குடம் குடமாகக் குடிக்க வேண்டாம். வெளியேற வழியில்லாத நீர் நுரையீரலில் தேங்கும்.