பேய்ப்படம் எடிட்டிங் பயிற்சி: சில்வர் பீச்சில் ஒரு 40 விநாடிக் காட்சி

எடிட்டிங் பழக முழுக் குறும்படம் தேவையில்லை, ஒரே ஒரு காட்சி போதும். கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் அந்தி நேரம் ஒருத்தி தனியாக நடக்கிறாள். திரும்பிப் பார்த்தால், ஈர மணலில் அவள் காலடித் தடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஜோடித் தடம். தூரக் காட்சி, நடக்கும் கால், முகம், தடம், மறுபடி முகம், தோளில் விழும் கை என்று மொத்தம் ஆறு ஷாட்.

எடுக்கும்போதே கவனிக்க வேண்டியவை

போன் கேமராவில் விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 விநாடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 1/60 வைத்தால் தெருவிளக்கு வெளிச்சம் துடிக்கும். ஒயிட் பேலன்ஸை (வெள்ளை நிறத்தைச் சரிப்படுத்தும் அமைப்பு) ஆட்டோவில் விடாதீர்கள், ஷாட்டுக்கு ஷாட் நிறம் மாறும். சூரியன் ஊர்ப்பக்கம் இறங்குவதால் கடல் பக்கம் சீக்கிரமே இருண்டுவிடும்; கடலைப் பார்த்த ஷாட்டுகளை முதலில் முடியுங்கள். கிளம்புமுன் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அலைச் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள்.

படி 1: கிளிப்பைத் தயார் செய்தல்

போன் வீடியோவின் ஃப்ரேம் வேகம் சீராக இருக்காது. அதனால்தான் போகப் போக உதடும் குரலும் விலகுகின்றன. ஹேண்ட்பிரேக் என்ற இலவச வீடியோ மாற்றும் மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட் (சீரான வேகம்), 25 என்று மாற்றிக்கொள்ளுங்கள். எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில், கிளிப்பைப் போடுமுன்பே டைம்லைனை (கிளிப்புகளை அடுக்கும் பட்டை) 25-க்கு வையுங்கள். பிறகு மாற்ற விடாது.

படி 2: வெட்டுதல்

வரிசையாக 10, 6, 5, 4, 12, 3 விநாடிகள். அந்த 12 விநாடி முகம்தான் காட்சியின் உயிர். புதிதாகப் பழகுகிறவர்கள் அதை மூன்றிலேயே வெட்டிவிடுவார்கள். தடத்தைப் பார்த்ததுமே ஏதோ வரப்போகிறது என்று பார்ப்பவர் உடம்பு இறுகிவிடும். அந்த நேரத்தில் கை வந்தால் அதிர்ச்சி பாதிதான். ஒன்றும் வரவில்லை என்று அவர் மூச்சு விடும் வரை பொறுத்து, பிறகு வெட்டுங்கள்.

படி 3: சத்தம்

ஒவ்வொரு வெட்டிலும் அலைச் சத்தம் குதிக்கும். கடற்கரைக் காட்சிகள் அமெச்சூராகத் தெரிவதற்கு இதுவே முதல் காரணம். காலடிச் சத்தம் தவிர, கிளிப்புகளின் சொந்தச் சத்தத்தை அடக்கிவிட்டு, தனியாகப் பதிந்த அலையை அடியில் முழு நீளத்துக்கு விரியுங்கள். அளவு −30 டெசிபல் அருகில். காற்று மைக்கில் அடித்திருந்தால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை ஈக்யூவில் (ஈக்வலைசர்) வெட்டுங்கள்.

அடுத்து ஜே-கட், அதாவது ஷாட் வருமுன்பே அதன் சத்தத்தைக் கேட்கவைப்பது. ஆல்ட் விசையை அழுத்தியபடி ஆடியோவின் ஓரத்தை மட்டும் இழுத்து, ஈர மணலின் காலடிச் சத்தத்தைத் தடத்தின் ஷாட்டுக்கு 15 ஃப்ரேம் முன்பே தொடங்குங்கள். அவள் நின்றுவிட்டாள், காலடி மட்டும் கேட்கிறது.

கை விழுமுன் இரண்டு விநாடியில் அலையை −45 வரை மெல்ல இறக்குங்கள். முழு மௌனம் வேண்டாம். ஸ்பீக்கர் கெட்டுவிட்டதோ என்ற எண்ணம் வந்தால் பயம் கலைந்துவிடும். அதிர்ச்சிச் சத்தம் கை தெரியும் அதே ஃப்ரேமில், உச்சம் −3. மூன்று ஃப்ரேம் பிந்தினாலே அடி மழுங்கும்.

படி 4: அலையைத் திருப்புதல்

தூரக் காட்சியில் அவள் நுழையுமுன் வரும் வெறும் கடலைத் தனியாக வெட்டி, விசைப்பலகையில் ஆர் (R) அழுத்தி, ரிவர்ஸ் ஸ்பீடைத் தேர்ந்தெடுங்கள். அலை கரையிலிருந்து கடலுக்குள் சுருண்டு போகும். இரண்டு விநாடிக்கு மேல் வைத்தால் தந்திரம் தெரிந்துவிடும்.

படி 5: நிறமும் ரெண்டரும்

கருமையை அதிகம் அழுத்தினால் முகமும் சேர்ந்து காணாமல் போகும். இருண்ட வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் ரெண்டர் செய்யும்போது (முடித்த காட்சியை வீடியோ கோப்பாக்கும்போது), 1080 அளவு வீடியோவுக்கு பிட்ரேட்டை விநாடிக்கு 20,000 கிலோபிட்டுக்கு ஏற்றுங்கள். பிறகு வெளிச்சம் பாதியாகக் குறைத்த போனில், பகலில் ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டாவது ஜோடித் தடம் அங்கே தெரியவில்லை என்றால், அந்த ஒரு ஷாட்டை மட்டும் வெளிச்சமாக்குங்கள்.