4கே ஒர்க்ஸ்டேஷன் லேப்டாப்பில் எதற்குக் காசு போடலாம்?

4கே திரையோடு ஒர்க்ஸ்டேஷன் லேப்டாப் வாங்கப்போகிறீர்கள் என்றால் பணத்தைத் திரையிலும் கிராபிக்ஸிலும் போடுங்கள், ரேமையும் எஸ்எஸ்டியையும் இருப்பதிலேயே குறைவானதாக எடுத்துக்கொண்டு பிறகு கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடைத்தெருவான பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

கிராபிக்ஸ் சிப் பெரும்பாலும் மதர்போர்டோடு சேர்ந்தே வரும், முழு எச்டி திரையைப் பின்னால் 4கே ஆக மாற்றுவதும் கேபிள் முதல் எல்லாம் மாறுகிற பெரிய செலவு. ஆனால் ரேம் ஸ்லாட்டும் எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 ஸ்லாட்டும் இருந்தால் பின்மூடியைத் திறந்து கால் மணி நேரத்தில் மாட்டிவிடலாம். ஆர்டர் செய்யும்போதே 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக வருமா, 8 ஜிபி இரண்டாக வருமா என்று கேட்டுவிடுங்கள், ஒன்றாக வந்தால் அதே வகையில் இன்னொன்று போட்டாலே 32 ஜிபி, இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்து வேகம் கூட்டும் டூயல் சேனலிலும் ஓடும். அப்புறம், ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள், ரேம் பழுதானால் வாரண்டிக்கு அதுதான் ஆதாரம்.

மின்சாரம் குறைவாக எடுக்கும் எல்பிடிடிஆர் வகை ரேம் பெரும்பாலும் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், அந்த மாடல்களில் பின்னால் ரேம் மாற்றுவது நடக்காது, தேவையானதை முதலிலேயே எடுத்துவிடுங்கள். 2022-இல் வந்த டெல் பிரிசிஷன் 7670 போன்றவற்றில் கேம் (CAMM) என்ற தட்டையான ரேம் பலகை உண்டு, அது கடையில் எளிதாகக் கிடைக்காது. ரேம் விலை ஏறியிருக்கும் நேரத்தில் தனியாக வாங்குவதில் லாபம் இல்லாமலும் போகலாம், அன்றைய விலையை ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள். ஆபீஸ் கொடுத்த லேப்டாப் என்றால் ஐடி பிரிவைக் கேட்காமல் மூடியைத் தொடவேண்டாம்.