கார் சீட் முதலில், தள்ளுவண்டி அப்புறம்

குழந்தைக்கு டிராவல் சிஸ்டம் (கார் சீட்டைத் தள்ளுவண்டியிலும் மாட்டிக்கொள்ளும் தொகுப்பு) வாங்கும்போது கண் முதலில் தள்ளுவண்டிக்குத்தான் போகும். நாங்கள் கார் சீட்டிலிருந்து தொடங்கினோம். எங்கள் கார் பழையது, குழந்தை சீட்டைப் பெல்ட் இல்லாமல் நேராகக் காரோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் கிடையாது. பின் இருக்கை பெல்ட்டும் நீளம் குறைவு. பிடித்துப்போன முதல் சீட்டைச் சுற்றி அது எட்டவே இல்லை.

அதனால் பணம் கட்டும் முன்பே ஒவ்வொரு சீட்டையும் எங்கள் காரிலேயே பொருத்திப் பார்த்தோம். பெல்ட் போகும் இடத்தில் பிடித்து அசைத்தால் 2.5 செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது. அதில் தேறியது பெல்ட்டால் பொருத்தும் ஒரு சீட். குழந்தைகளுக்கான கார் சீட் பாதுகாப்பு விதியான ஆர்129-இன் சான்றும் இருந்தது. அந்த விதிப்படி 15 மாதம் தாண்டும்வரை குழந்தை பின்னோக்கித்தான் உட்கார வேண்டும். ஏர்பேக் வேலை செய்யும் முன் இருக்கையில் பின்னோக்கிய சீட்டை வைக்கவே கூடாது.

சரி, வண்டி? அந்தச் சீட்டை வண்டியில் மாட்ட உதவும் அடாப்டர் (இணைப்புத் துண்டு) உள்ளதை மட்டும் பார்த்தோம், தேர்வு சுலபமாயிற்று. ஒரே நிறுவனத்தின் பொருள்களே ஒன்றோடொன்று சேராமல் போகலாம், மாடல் பெயரைச் சரிபாருங்கள். டிக்கியில் மடித்து வைத்தும் பார்த்துவிடுங்கள்.

வண்டியில் மாட்டும், குழந்தை தட்டையாகப் படுக்கும் தொட்டிலையும் கட்டாயம் சேர்த்து வாங்குங்கள். கார் சீட்டில் பச்சிளம் குழந்தையின் தலை முன்னால் சரிந்தால் மூச்சு தடைபடலாம். பயணம் முடிந்ததும், தூங்கினாலும் பரவாயில்லை என்று, எங்கள் மகளைத் தூக்கித் தொட்டிலில் போட்டுவிடுவோம்.