மாட்டு மருந்தும் மனித உடலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மருந்தின் பெயர் ஒன்றுதானே" என்ற நினைப்பில் விலங்குகளுக்கான மருந்தை எடுத்துக்கொள்வதில்தான் பல விபரீதங்கள் தொடங்குகின்றன. புழு உள்ளிட்ட ஒட்டுண்ணிகளுக்கு எதிரான ஐவர்மெக்டின் மனிதர்களுக்கும் தரப்படும் மருந்துதான். அதன் தாய்ச்சேர்மமான அவர்மெக்டினைக் கண்டறிந்தவர்களுக்கு 2015இல் நோபல் பரிசே கிடைத்தது. அந்தப் பெருமையை, குதிரையின் வாயில் கொடுப்பதற்காகப் பசை வடிவில் விற்கும் ஐவர்மெக்டின் குழாயின் மீது ஏற்றிவிடக் கூடாது.

கணக்கைப் பாருங்கள். புழுத்தொற்றுக்கு மனிதருக்குத் தரும் வழக்கமான அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். 60 கிலோ உள்ளவருக்கு 12 மில்லிகிராம் போதும். பரவலாக விற்கும் 1.87 சதவீதப் பசையின் ஒரு குழாய், ஏறத்தாழ 567 கிலோ குதிரைக்கானது. உள்ளே சுமார் 114 மில்லிகிராம் இருக்கிறது. அழுத்தும் தண்டில் குதிரையின் எடைக்கேற்பக் கோடுகள் இருக்கும். வளையத்தை நகர்த்தி வேண்டிய கோட்டில் நிறுத்த வேண்டும். 113 கிலோவுக்கான ஒரு கோட்டளவே அந்த 60 கிலோ மனிதருக்கு ஏறக்குறைய இரட்டிப்பு. வளையம் சரியாகப் பூட்டாமல் நழுவினால் குழாயில் உள்ளது அத்தனையும் வெளியே வந்துவிடும்.

சரி, வகுத்து எடுத்துக்கொண்டால்? எடை மட்டுமே கணக்கல்ல. கொழுப்பு மிகுந்த உணவோடு உட்கொண்டால் இம்மருந்து ரத்தத்தில் சேரும் அளவு சுமார் இரண்டரை மடங்கு கூடும். சாதாரணமாக அது மூளைக்குள் புகாமல் தடுக்கும் புரதம் ஒன்று உடலில் உண்டு; அளவு மிஞ்சினால் அந்தக் காவல் போதாது. தள்ளாட்டம், குழப்பம், வலிப்பு, சுயநினைவிழப்பு வரை போகலாம். மாட்டின் முதுகில் ஊற்றுவதற்கென்று தயாரித்த திரவத்தைக் குடிப்பவர்களும் உண்டு. அதில் கலந்துள்ள கரைப்பான் மனிதக் குடலுக்கு ஏற்றதா என்று யாரும் சோதித்ததில்லை.

விலங்குகளுக்கான குடற்புழு மருந்தான ஃபென்பென்டசோலைப் புற்றுநோய்க்கென்று விழுங்குவது இன்னொரு வேதனை. அதைவிடக் கெடுதல், சிகிச்சை தரும் மருத்துவரிடம் அதை மறைப்பது. இம்மருந்தால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். விஷயம் தெரியாத மருத்துவர், ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் பாதிப்பைக் கண்டதும் பலன் தந்துகொண்டிருக்கும் உண்மையான மருந்தைச் சந்தேகித்து நிறுத்திவிடக்கூடும்.

விழுங்காமலும் ஆபத்து வரலாம். மாடுகளின் நுரையீரல் நோய்க்கான டில்மிகோசின் ஊசி, கை தவறி மனிதர் உடலில் ஏறி உயிரிழப்பு நேர்ந்திருக்கிறது. அது இதயத்தைத் தாக்கும். அதை முறிக்கும் மருந்து கிடையாது. குத்திய இடத்தில் துணி சுற்றிய பனிக்கட்டியை வைத்து, "சின்னக் கீறல்தானே" என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மருந்துக் குப்பியும் அதனுடன் வந்த தாளும் கையோடு போக வேண்டும். அவசரத்தில் வழக்கமாகத் தரும் அட்ரினலின், இம்மருந்து ஏறிய பன்றிகளில் சாவை அதிகப்படுத்தியிருக்கிறது. சிகிச்சை தரும் மருத்துவர் அதை அந்தத் தாளில்தான் படித்துத் தெரிந்துகொள்வார்.