நேர்காணலுக்கு உடை: உட்கார்ந்து பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

நேர்காணலில் நிற்பது ஒரு நிமிடம் இருந்தால் அதிகம். மீதி நேரமெல்லாம் நாற்காலியில்தான். ஆனால் உடையை மட்டும் நின்றபடியே போட்டுப் பார்த்து வாங்கிவிடுகிறோம்.

முதல் வேலை, அந்த நிறுவனத்தில் அன்றாடம் என்ன உடுத்துகிறார்கள் என்று தெரிந்துகொள்வது. இணையதளத்தில் ஊழியர் படங்கள் இருந்தால் பாருங்கள். இல்லையென்றால் அழைத்தவரிடமே கேளுங்கள், தப்பே இல்லை. அதைவிட ஒரு படி கூடுதலாக உடுத்தினால் போதும். அவர்கள் டி-ஷர்ட் என்றால் நீங்கள் காலர் வைத்த சட்டை.

அடுத்தது அளவு. தோள்பட்டைத் தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். கழுத்துப் பட்டனைப் போட்டபின் காலருக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். முழுக்கை மணிக்கட்டோடு முடிய வேண்டும். இடுப்பையும் கை நீளத்தையும் டெய்லர் சுலபமாகப் பிடித்துத் தருவார். தோள் பெரிதாக இருந்தால் அந்தச் சட்டையே வேண்டாம். அதைச் சரிசெய்வது பெரிய வேலை.

இனி நாற்காலி. முழு உடையோடு 10 நிமிடம் உட்காருங்கள். கைகளை மேசைமேல் வைத்து முன்னால் சாயுங்கள். மார்புப் பட்டன்களுக்கு இடையே துணி வாய் பிளந்தால் ஒரு அளவு பெரிதாக எடுங்கள். பேன்ட் மேலேறிக் கால் தெரிந்தால் நீளமான சாக்ஸ் வேண்டும். குனிந்து ஒரு பேனாவை எடுத்துப் பாருங்கள். முதுகில் சட்டை வெளியே வந்தால் நீளம் போதாது.

வெளிர் சாம்பல் நிறம் வியர்வையை அப்படியே காட்டிக்கொடுக்கும். வெள்ளையிலும் கருநீலத்திலும் அவ்வளவாகத் தெரியாது. வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளை பனியன் போட்டால் அதன் ஓரம் பளிச்சென்று தெரியும். தோல் நிறத்துக்கு நெருங்கிய பனியன் கண்ணில் படாது.

புதுச் சட்டையை ஒருமுறை துவைத்துவிடுங்கள். பருத்தி சுருங்கினால் அப்போதே தெரிந்துவிடும், பெட்டி மடிப்பும் போய்விடும். லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள். காலரை இரு நுனிகளிலிருந்தும் நடுவை நோக்கித் தேயுங்கள். நடுவிலிருந்து இழுத்தால் சுருக்கமெல்லாம் நுனியில் சேரும், எதிரே இருப்பவர் கண்ணுக்கு நேராக இருப்பது அந்த நுனிதான். சூடு ஆறும்வரை ஹேங்கரில் தொங்கட்டும். சூட்டோடு போட்டால் உடனே கசங்கும்.

ஷூ புதிது என்றால் சில நாள் முன்பே வீட்டில் போட்டு நடந்து பழக்குங்கள். பெல்ட் அதே நிறத்தில் இருக்கட்டும். புது கோட்டின் பின்பக்கப் பிளவில் பெருக்கல் குறிபோல ஒரு நூல் தையல் இருக்கும். அது கடைவரை துணி கலையாமல் இருக்கப் போட்டது. முந்தின இரவே சின்னக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிடுங்கள். கைப்பகுதியில் வெளியே தைத்த கம்பெனி லேபிளையும்தான்.